முப்பத்தெட்டு சதவீத ஈரம்

வன ஈரப்பத மேலாண்மை இயக்குநரகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் ‘ஈரமானிப் பராமரிப்பாளர் (தற்காலிகம்)’ என்று அச்சிட்டிருந்தது. அதை ஒரே மூச்சில் சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. மூன்றாம் நாளே அவள் ‘குச்சிக்காரி’ ஆகிவிட்டாள்.

அதற்கு முன்பு ஒன்பது வருடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஓர் ஆள் உள்ளே வந்தால் இன்னோர் ஆள் வெளியே போக வேண்டிய கடையில் கைப்பேசி பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் விழுந்த கைப்பேசியைப் பிரித்து, உலர்த்தி, உயிர் கொடுப்பதில் கெட்டிக்காரி. நேர்முகத் தேர்வில் இயக்குநர் அவளிடம், “ஈரத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார்.

“ஈரத்தை எப்படி வெளியே எடுக்கறதுன்னு தெரியும் சார்.”

தேர்வுக் குழு திடுக்கிட்டது. “இங்க அதுக்கு நேர்மாறும்மா,” என்றார் இயக்குநர். “ஈரத்தைக் காப்பாத்தறதுதான் நம்ம துறையோட தொழில்.” இருந்தாலும் அவளை எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பித்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் கணவன் அதே துறையில் பத்து வருடமாகக் கண்காணிப்புக் கோபுரத்துக் காவலர். காட்டின் நடுவில், நாற்பத்திரண்டு படி ஏறிப் போகும் இரும்புக் கோபுரம் அது. காலையில் தண்ணீர்க் குடுவையோடு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். புருஷன் காட்டை மேலேயிருந்து பார்க்க, பெண்டாட்டி கீழேயிருந்து பார்க்கப்போகிறாள் என்று குடியிருப்பில் கேலி செய்தார்கள். இருவருக்கும் அந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது.

குச்சி என்பது இதுதான். ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியத் தகடு. பெட்டியிலிருந்து இரண்டு முனைகள். குட்டையானதைச் சருகுக்குள் படுக்க வைக்க வேண்டும். நீளமானதை மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருக வேண்டும். இரண்டிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அலுவலகத் திரைக்கு எண் அனுப்பும். மண் பொறுமைசாலி, பெய்த மழையை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும். சருகு அப்படியில்லை. ஒரு மதிய வெயிலும் கொஞ்சம் காற்றும் போதும், காலையில் துவண்டு கிடந்த இலை மாலையில் மொடமொடக்கும். தீ முதலில் காலை வைப்பது சருகில்தான். எனவே சருகின் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்த எண் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு. சிவப்பு என்றால் காட்டுப் பாதையை மூட வேண்டும். தீ தாண்டிப் போகாமலிருக்கக் காட்டின் குறுக்கே வெட்டி வைத்திருக்கும் வெற்றுத்தரையில் விழுந்த சருகையெல்லாம் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் வண்டி காட்டு முனையில் போய் நிற்க வேண்டும். அதிகாரிகள் முறை போட்டுக்கொண்டு மலையடி முகாமில் தங்க வேண்டும். முகாம் என்பது ஒரு தகரக் கொட்டகை. மின்விசிறி கிடையாது. சிவப்பு பற்றிய விதிகளில் அதிகாரிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாக இருந்தது இந்தக் கடைசி விதி ஒன்றுதான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. எட்டுக் குச்சிகளும் சேர்ந்தாற்போல ஐந்துக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு முறை காட்டிவிட்டால் அலுவலகக் கூரையில் சங்கு தானாகவே ஊதும். யாருடைய கையெழுத்தும் இல்லாமல் தண்ணீர் வண்டி புறப்பட்டுவிட வேண்டும். இது குச்சிகளை விற்ற கம்பெனி இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. எப்படி நிறுத்துவது என்று கேட்டு வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

முதல் குச்சியை நட்ட விழா பெரிய விழா. காட்டு முனையில் பந்தல், ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலி. நாடாவை வெட்டிவிட்டு இயக்குநர் பேசினார்.

“இதுநாள் வரைக்கும் காடு தன் இஷ்டத்துக்குக் காய்ஞ்சுது, தன் இஷ்டத்துக்கு நனைஞ்சுது. கேக்க நாதி இல்லை. இனிமே ஒவ்வொரு இலையும் இந்த அலுவலகத்துக்குக் கணக்குச் சொல்லணும். எங்களைக் கேக்காம இந்தக் காட்டுல ஒரு சருகு காய முடியாது!”

கைதட்டல் அடங்கியதும் அவர் குனிந்து குச்சியை மண்ணில் வைத்தார். இருபத்தெட்டு வருடப் பணியில் எதை நட்டாலும் தண்ணீர் ஊற்றியே பழகியவர்; பக்கத்தில் பூவாளியும் தயாராக இருந்தது. பூவாளி காலியாகும் வரை ஊற்றினார். திரையில் முதல் எண் வந்தது: நூறு. அந்த எண் வருடாந்திர அறிக்கையின் அட்டைப்படத்தில் ஏறியது. ‘நூறு சதவீத ஈரத்துடன் தொடக்கம்’ என்று கீழே குறிப்பும் போட்டார்கள்.

கோடை வந்தது. எண் இருபதானது, பதினேழானது, பதினாலானது. குச்சிக்காரி வாரம் இரண்டு முறை காட்டுக்குள் போய், முனைகளைத் துடைத்து, மண்ணை அமுக்கி விட்டு வந்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் திரையில் எட்டுக் கட்டங்களும் பதினொன்றுக்கு வந்து சிவந்தன. அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு கோப்பு அண்ணனிடம் ஓடினாள்.

கோப்பு அண்ணன் தலைமை எழுத்தர். உலகத்தில் நடக்கும் எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரு விதி எண் இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்து நீட்டினார்.

“இது கருவி பழுதுப் படிவம் அண்ணே,” என்றாள் அவள்.

“ஆமா. கருவி பழுது.”

“பழுதெல்லாம் இல்லையே. காடு காய்ஞ்சிருக்கு.”

“நீயே போய்ச் சொல்லு,” என்று இயக்குநரின் கதவைக் காட்டினார்.

இயக்குநர் பொறுமையாகவே விளக்கினார். “ஒரு கடிகாரம் மணி காட்டலைன்னா என்ன சொல்லுவோம்? கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவோம். ஒரு தராசு எடை காட்டலைன்னா? தராசு கெட்டுப்போச்சு. இதோட வேலை ஈரம் காட்டறது. ஈரம் இல்லைன்னு காட்டுதுன்னா அது தன் வேலையைச் செய்யலைன்னுதானேம்மா அர்த்தம்?”

அவளுக்கு ஒரு கணம் அது சரியாகவே பட்டது. வெளியே வந்து மூன்று படி இறங்கிய பிறகுதான் எங்கேயோ உதைத்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பழுது என்று எழுத அவள் மறுத்ததால் ஒரு குழு போட்டார்கள். ஐந்து பேர். காட்டிலிருந்து சருகு எடுத்து வரச் சொன்னார்கள். அவள் ஒரு பையில் காற்றுப் புகாமல் கட்டி எடுத்து வந்தாள். சருகை எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் எவ்வளவு ஈரம் இருந்தது என்று தெரிந்துவிடும் என்று சொன்னாள். அலுவலகத்தில் இருந்த ஒரே மின்னடுப்பு மதியச் சாப்பாடு சூடு பண்ணுவதற்கு. அதில் குப்பையைப் போட முடியாது என்று துணை இயக்குநர் சொல்லிவிட்டார். எனவே குழு நேரடி ஆய்வில் இறங்கியது. ஓர் இலையை எடுத்து முதல் உறுப்பினர் உள்ளங்கையில் வைத்து மூடி, கண்ணையும் மூடி, ஒரு நிமிடம் யோசித்தார். அடுத்தவரிடம் கொடுத்தார். அன்று குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. ஐந்து கை மாறி ஐந்தாவது கைக்கு வரும்போது இலை கசங்கிய கைக்குட்டை போல் ஆகியிருந்தது.

“நல்ல ஈரம்,” என்றார் ஐந்தாவது உறுப்பினர்.

“சார், அது உங்க கை வேர்வை,” என்றாள் குச்சிக்காரி.

“ஈரத்துல வேர்வை ஈரம், காட்டு ஈரம்னு பேதம் பார்க்க விதியில இடமில்லை,” என்றார் கோப்பு அண்ணன். வேலிக்கு ஓணான் சாட்சி. குழு ஒருமனதாகக் கையெழுத்திட்டது.

மறுநாளும் திரை சிவப்பாகவே இருந்தது. முகாம் விதி தலைக்கு மேல் தொங்கியது. அப்போதுதான் இயக்குநருக்கு அந்த யோசனை வந்தது. அவசரக் கூட்டம் கூட்டினார்.

“இந்தக் கருவிகள் விலை உயர்ந்தவை. வெளிநாட்டிலேர்ந்து வந்தவை. இதையெல்லாம் கொண்டுபோய் காட்டுல வெச்சிருக்கோம். கோடைக்காலம் வேற. ஒருவேளை காட்டுல தீப்பிடிச்சா இதுக எல்லாம் என்ன ஆகும்னு யாராவது யோசிச்சீங்களா? எரிஞ்சு போயிடும்! தீ அபாயம் நீங்கற வரைக்கும் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பத்திரமான இடத்துல வெக்கணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பத்திரமான இடம் இயக்குநர் குடியிருந்த பங்களாவின் தோட்டம். அலுவலகத்துக்குப் பின்புறம், சுற்றுச்சுவரோடு, வாசலில் காவலோடு இருந்தது. ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே எட்டுக் குச்சிகளையும் சங்கு ஊதிவிடாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் கையாலேயே நட்டது குச்சிக்காரிதான். தற்காலிக இடமாற்றம் என்பதால் பதிவேட்டில் திருத்தம் வேண்டியதில்லை என்று கோப்பு அண்ணன் ஒரு விதியைக் காட்டினார். பதிவேட்டில் குச்சிகள் காட்டில்தான் இருந்தன.

தோட்டக்காரர் காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சுவார். பாத்திகளில் ஈரம் காக்க இலைதழை பரப்பி வைத்திருந்தார். எண் ஏறியது. முப்பத்தெட்டில் வந்து நின்றது. வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, ‘காட்டின் ஈரப்பதம் முப்பத்தெட்டு சதவீதம்’ என்று வாசல் பலகையில் தினமும் பச்சை எழுத்தில் ஓடியது. பக்கத்து மாவட்ட இயக்குநரகங்களிலிருந்து இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன.

தோட்டக்காரர் மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் விடுப்பில் போனார். எண் பத்தொன்பதுக்கு இறங்கியது. அலுவலகம் கதிகலங்கிப் போனது. இயக்குநரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தார். துணை இயக்குநர் வாளியில் மொண்டு ஊற்றினார். திரும்பி வந்த தோட்டக்காரரிடம் ஓர் ஆணையைக் கொடுத்தார்கள். வன நலன் கருதி இனிமேல் அவருக்கு விடுப்பு கிடையாது. இன்று முதல் அவர் ‘வன ஈரப்பதக் காவலர் (பொறுப்பு)’.

“காட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்மா?” என்று அவர் குச்சிக்காரியிடம் கேட்டார். “நான் ரோஜாவுக்குத்தானே தண்ணி ஊத்தறேன்?”

“இப்போதைக்கு அதுதான் அண்ணே காடு,” என்றாள் அவள். சொல்லும்போது சிரித்துவிட்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

அன்று வீட்டில் அவள் கணவன் காலணியைக் கழற்றி உதறினான். பொடிப்பொடியாகச் சருகு கொட்டியது.

“கால வெச்சா அப்படியே நொறுங்குது. வெற்றுத்தரைக் கோட்டுல முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கு. கூட்டறதுக்கு ஆள் அனுப்புங்கன்னு மூணு தடவை கேட்டேன். பலகையில முப்பத்தெட்டு ஓடுதே, அப்புறம் எதுக்குக் கூட்டணும்னு கேக்கறாங்க. நெஞ்சுல ஈரம் இல்லாதவனுங்க.”

அவள் துடைப்பத்தை எடுத்துச் சருகைக் கூட்டினாள்.

“தினமும் அந்த எண்ணுக்குக் கீழ கையெழுத்துப் போடறது நீதானே?” என்றான் அவன். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“போடலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. தற்காலிகம்தானே.”

“நான் உன்னைக் குத்தம் சொல்லலை. மேல நிக்கறவன் நான். கீழ தீ பிடிச்சா எனக்கு இறங்க நாற்பத்திரண்டு படி. அதைச் சொன்னேன்.”

அதன் பிறகு அவள் தினமும் கையெழுத்துப் போடும்போது பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டாள். பேனாவில் கோளாறு எதுவுமில்லை.

அடுத்த வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும், அவளது கைப்பேசி அடித்தது. கணவன். குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

“மேற்குச் சரிவுல புகை. சின்னதா ஆரம்பிச்சு இப்ப தென்னை உயரத்துக்கு வந்துடுச்சு. ஆபீஸ் நம்பர்ல கோப்பு அண்ணன் எடுத்தாரு, எண் சரியா இருக்குன்னு சொல்லி வெச்சுட்டாரு. நானும் ரோந்துக் காவலர் ரெண்டு பேரும் தழையை ஒடிச்சுக்கிட்டு இறங்கறோம். வண்டியை அனுப்பச் சொல்லு.”

“நீங்க இறங்காதீங்க, வண்டி வரட்டும்…”

“இறங்கலைன்னா தீ வெற்றுத்தரைக் கோட்டைத் தாண்டிடும்மா. தாண்டினா கோபுரத்துக்கு வந்துடும்.” துண்டித்துவிட்டான்.

அவள் கோப்பு அண்ணன் மேசைக்கு ஓடினாள். சன்னலுக்கு வெளியே மலை முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு தூண் எழுந்து நின்றது.

“அதோ பாருங்க அண்ணே!”

அவர் திரையைப் பார்த்தார். “முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு சதவீத ஈரத்துல தீப் பிடிக்காது. விதி இருபத்திரண்டு.”

“கண்ணால பாருங்கன்னு சொல்றேன்!”

“கண்ணுக்கு விதி இல்லைம்மா.” அவர் கண் சன்னல் பக்கம் போய்த் திரும்பியது. “வண்டியை அனுப்பற தாள்ல எண் எழுதற கட்டம் இருக்கு. அதுல முப்பத்தெட்டுன்னு எழுதி நான் எப்படி அனுப்பறது?”

இயக்குநர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவர் அடுத்த மாத மாநாட்டில் வாசிக்க வேண்டிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். சன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மூடுபனி,” என்றார்.

“மதியம் ரெண்டு மணிக்கா சார்? இந்த வெயில்லயா?”

“ஈரமான காடும்மா. முப்பத்தெட்டு சதவீதம். பனி மூடத்தான் செய்யும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தீன்னு ஒத்துக்கிட்டா குச்சி எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. கொஞ்சம் பொறு. பெரிய தீயா இருந்தா நமக்கே தெரிஞ்சுடும்.”

அவள் வண்டிக் கொட்டகைக்கு ஓடினாள். ஓட்டுநர் புகையைப் பார்த்து ஏற்கெனவே என்ஜினை ஓட விட்டிருந்தார். கால் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தாள் எங்கம்மா? போன வருஷம் தாள் இல்லாம எடுத்தவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு. ஒரு தாள், இல்லை சங்கு. ரெண்டுல ஒண்ணு குடு. பறந்துடறேன்.”

சங்கு. அவள் அந்த இடத்திலேயே திரும்பினாள்.

பங்களா வாசலில் காவலர் தடுத்தார். “பராமரிப்பு,” என்று அட்டையைக் காட்டினாள். அந்த அட்டையால் அவளுக்கு வந்த முதல் பிரயோசனம் அதுதான். தோட்டக்காரர் பாத்தியில் குழாயோடு நின்றிருந்தார்.

“தண்ணியை நிறுத்துங்க அண்ணே! எல்லாத்தையும் பிடுங்கணும்!”

“ஐயோ, என்னைத் தொலைச்சுடுவாங்களேம்மா…”

“காடு எரியுது. என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு.”

அவர் குழாயைக் கீழே போட்டார். தோளில் கிடந்த துண்டை உருவி அவளிடம் கொடுத்துவிட்டு, தானே முதல் குச்சியைப் பிடுங்கினார். மண் ஒட்டிய முனையை அவள் துடைத்தாள். சேலைத் தலைப்பால் மறுபடி துடைத்தாள். காற்றில் பிடித்தால் அந்தக் குச்சிக்கு ஈரம் என்பதே தெரியாது, பூச்சியம் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு துளி ஒட்டியிருந்தாலும் ஆறோ ஏழோ காட்டிவிடும். தண்ணீரில் விழுந்த கைப்பேசிகளைத் துடைத்த அதே பொறுமையோடு இடுக்கிலிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். எட்டையும் சிமென்ட் திண்டின் மேல் வெயிலில் வரிசையாக வைத்தாள்.

ஐந்து நிமிடம். முதல் எண் போயிருக்க வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். அவள் தன் கைப்பேசியில் திரையைத் திறந்தாள். ஏழு கட்டங்களில் பூச்சியம். ஆறாவது குச்சியில் மட்டும் ஒன்பது.

“இதுக்குள்ள எங்கியோ தண்ணி நிக்குது!” என்றாள். பெட்டியைத் திறக்கத் திருப்புளி இல்லை. தோட்டக்காரர் கவாத்துக் கத்தியை நீட்டினார். நெம்பித் திறந்து, முனையின் அடியில் கோர்த்திருந்த நீரை வாயால் ஊதித் தள்ளினாள். கடைசியாக முந்தானை நுனியைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்தாள்.

எண் மாறியது. எட்டிலும் பூச்சியம். அதற்குப் பிறகு வந்த ஐந்து நிமிடம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமானது. அவள் கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தோட்டக்காரர், மேகம் வந்து மறைக்காமலிருக்க வேண்டுமே என்று வானத்தைப் பார்த்தபடி துண்டால் குச்சிகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியது. கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

பதிவேட்டின்படி குச்சிகள் இருந்த இடம் காடு. ஓட்டுநர் காட்டுக்கு வண்டியை விட்டார். வளைவில் அவள் கைகாட்டி ஏறிக்கொண்டாள்.

மேற்குச் சரிவில் தீ வெற்றுத்தரைக் கோட்டை நான்கு இடத்தில் தாண்டியிருந்தது. அங்கே வெற்றுத்தரை எங்கும் இல்லை. முழங்கால் அளவு சருகுதான் தீக்குப் பாலம் போட்டுக்கொடுத்திருந்தது. மூன்று ஆட்கள் புகைக்குள் தழையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. அதில் எவன் தன் புருஷன் என்று அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வண்டியின் குழாய் திறந்தது. இரண்டு மணி நேரம் பிடித்தது. கோபுரத்துக்கு முப்பதடி முன்னால் தீ நின்றது.

அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து இருமினான். புருவம் இரண்டும் பொசுங்கிப்போயிருந்தன. இடது முழங்கையில் கொப்புளம்.

“குச்சி சொல்லிச்சா?” என்று கேட்டான்.

“சொல்ல வெச்சேன்,” என்றாள். அவன் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. துறைச் சொத்தைப் பிடுங்கியது, சேதப்படுத்தியது, பொய் எச்சரிக்கை எழுப்பியது என்று மூன்று குற்றச்சாட்டு எழுதி வைத்திருந்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டபோது தொலைபேசி அடித்தது. தலைமைச் செயலகம். அவர் எழுந்து நின்று கேட்டார். “ஆமாங்க ஐயா… நன்றிங்க ஐயா… சங்கு தானாவே ஊதிச்சுங்க ஐயா… எல்லாம் கூட்டு முயற்சி…”

வைத்துவிட்டு உட்கார்ந்தார். கருவி தீயை முன்கூட்டியே கண்டுபிடித்துக் காட்டைக் காப்பாற்றியதைப் பாராட்டுகிறார்களாம். திங்கட்கிழமை நேரில் பார்க்க ஒரு குழு வருகிறதாம்.

பிறகு இயக்குநர் குற்றப்பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இந்தம்மா குச்சியைத் தோட்டத்துலேர்ந்து பிடுங்கினாங்கன்னு எழுதியிருக்கு. குச்சி தோட்டத்துல இருந்துச்சுன்னா அது என்னோட தப்பாயிடும். என்கிட்ட தப்பு இல்லை. அதனால குச்சி தோட்டத்துல இல்லை. இல்லாத இடத்துலேர்ந்து பிடுங்க முடியாது. ஆக, குற்றம் நடக்கவே இல்லை.” அவர் முகம் மலர்ந்தது. “நீங்க ஒரு வாக்குமூலம் மட்டும் குடுங்கம்மா. குச்சிகள் காட்டுல இருந்தன, காட்டுல இருக்கின்றன. கீழ ஒரு கையெழுத்து. வேலையையும் நிரந்தரம் பண்ணிடலாம்.”

கோப்பு அண்ணன் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். அவள் வாசித்தாள். பேனாவை எடுத்தாள். உதறவில்லை. மூடி மேசைமேல் வைத்தாள்.

“இவ்வளவு நாளா இல்லாத ஈரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன் சார். அந்த மனுஷன் புருவம் இல்லாம வீட்டுல படுத்திருக்காரு. இனிமே முடியாது. குச்சியைக் கொண்டுபோய்க் காட்டுல வெச்சுட்டு வாங்க. அப்புறம் ‘காட்டுல இருக்கு’ன்னு போடறேன். இல்லைன்னா திங்கக்கிழமை வர்றவங்களுக்கு ரோஜாத் தோட்டத்தைக் காட்டறேன். தோட்டக்கார அண்ணனும் வருவாரு.”

“இது மிரட்டல்,” என்றார் துணை இயக்குநர்.

“வெச்சுட்டுத் திங்கக்கிழமைக்கு அப்புறம் எடுத்துடலாம்,” என்று இயக்குநர் அவர் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“எடுக்க முடியாது சார்,” என்றார் கோப்பு அண்ணன். அவர் யாரையும் பார்க்காமல் விதிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “பாராட்டுப் பெற்ற கருவியை இடம் மாத்தணும்னா தலைமைச் செயலகம் அனுமதிக்கணும். விதி முப்பத்தொண்ணு. என்ன காரணம்னு கேப்பாங்க. அந்தக் கட்டத்துல நான் என்ன எழுதறது?”

குச்சிக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் தீ அணையும் வரை அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

அன்று பிற்பகல் வன ஈரப்பத மேலாண்மை இயக்குநரகம் தன் வரலாற்றில் இரண்டாவது முறையாகக் காட்டுக்குள் போனது. இயக்குநர் பளபளக்கும் காலணியோடு ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார். துணை இயக்குநரிடம் இரண்டு. எரிந்த பகுதிக்கு அப்பால், இன்னும் சருகு மண்டிக் கிடந்த காட்டில் எட்டையும் நட்டார்கள். முனைக்கும் மண்ணுக்கும் இடையில் காற்று நிற்காமல் எப்படி அமுக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, இயக்குநர் மண்டியிட்டுக் கையால் அமுக்கினார். ஒவ்வொரு அடிக்கும் கீழே சருகு பட்டாசுத் தாள் போல நொறுங்கியது. அந்தச் சத்தம் கேட்க அவருக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டு தடவை நின்று காலைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் கழித்து எண் வந்தது. ஒன்பது. கைப்பேசித் திரை சிவந்தது.

“இது… இப்பவே இவ்வளவா?” என்றார் இயக்குநர்.

“ரெண்டு மாசமாவே இப்படித்தான் சார்.”

“கொஞ்சம் தண்ணி ஊத்தினா?”

“காடு பூராவுமா சார்?”

அவர் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம், மரத்துக்குக் கீழே சருகு. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இது எப்பத்தான் ஏறும்?”

“மழை பெஞ்சா ஏறும்.”

இயக்குநர் இதை ஆழ்ந்து யோசித்தார். பிறகு கவலையோடு கோப்பு அண்ணனிடம் திரும்பினார். “மழை யார் பொறுப்புல வருது?”

கோப்பு அண்ணன் விதிப் புத்தகத்தை அக்குளிலிருந்து எடுத்து, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். பின்னிணைப்பையும் பார்த்தார்.

“நம்மகிட்ட இல்லை சார்.”

“அப்பாடா,” என்று சொல்லிவிட்டு இயக்குநர் கோப்பு அண்ணன் நீட்டிய சிவப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார்.